பந்தலும் வேலியும்

யாழ்ப்பாணத்துப் படலைகளிலே 'கடிநாய் கவனம்' என்ற எழுத்தைக் காணாதவர் இலர். நாய் வளவின் காவலாளி. அயலவரை எச்சரிப்பதற்கென்றே அதன் இருப்பு வாயிலில் அறிவிக்கப்படுகின்றது. நாய் இறந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் பலகையைக் கழற்றாத வீடுகள் உண்டு. பலகையே நாயின் தொழிலை ஓரளவுக்குச் செய்துவிடுகின்றது. நாய்க்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான உறவு வளவின் எல்லைக்குட்பட்டதாகும். அது முற்றத்திலே படுக்கும். அடுப்படிக் கோடியிலே மிஞ்சிய சோற்றை உண்ணும். விறாந்தைப் படியைத் தாண்டாது. தாண்டினால் அதட்டு விழும். இந்த ஒழுங்கிலே அன்பு இல்லை என்று கூறிவிட முடியாது. அன்பு தனது இடம் இதுவென்று அறிந்து நின்றது என்பதே பொருந்தும்.

இவ்வொழுங்கிலே பிறந்து, அதனை எழுபத்தாறு ஆண்டுகள் கைக்கொண்டு வாழ்ந்த வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர், 2019 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, மெல்பேண் நகரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ள யாரா பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மகளைப் பார்க்க மூன்று மாத விசாவில் வந்திருந்தவர் அவர். மகள் காரைச் செலுத்தினாள். பின்னாசனத்தில் பதினேழு வயதுப் பேத்தியும், அவளுடைய மடியில் தலையை வைத்தபடி வீட்டு நாயும் இருந்தன. அவர்கள் சென்றடைந்த இடம், ஒரு குடும்பம் தானே கொடி வளர்த்து, தானே பழம் பிழிந்து, தானே விற்கும் ஒரு சிறிய வைன் தோட்டம். அதன் வாயிலில் நாய்களுக்கு நல்வரவு கூறும் பலகை தொங்கியது. படியருகே மண்சட்டியில் தண்ணீர் வைக்கப்பட்டிருந்தது. பேத்தி பலகையை வாசித்துப் பொருள் சொன்னபோது பெரியவர் சிரித்தார். "எங்கடை பக்கம் வாற சனத்துக்கே இப்பிடி எழுதி வைக்கிறேல்லை" என்றார்.

யாரா பள்ளத்தாக்கின் வரலாறு ஒரு கொடியின் வரலாறும் ஆகும். 1838 ஆம் ஆண்டில் றைறி சகோதரர்கள் யெரிங் என்ற தமது கால்நடைப் பண்ணையிலே முதற் கொடிகளை நட்டனர். விக்டோரியா மாநிலத்திலே வைன் உற்பத்தி தொடங்கியது அங்கேதான் என்பர். சுவிற்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பின்னர் அதனைப் பெருக்கின. 1889 ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அப்பள்ளத்தாக்கின் வைன் உயர் பரிசு பெற்றது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே சந்தை மாறிற்று. கொடிகள் பிடுங்கப்பட்டுப் புல் விதைக்கப்பட்டது. கறவை மாடுகள் மேய்ந்தன. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் சிறு தோட்டக்காரரே கொடியை மீண்டும் அம்மண்ணுக்குக் கொண்டு வந்தனர். பெரியவர் சென்ற தோட்டமும் அக்காலத்ததே. இப்பொழுது அதனை நடத்தும் பெண்மணியின் தந்தையார் நட்டவை அக்கொடிகள்.

அப்பெண்மணி வந்தவர்களின் பெயரைக் கேட்குமுன் நாயின் பெயரையே கேட்டார். உள்ளே கணப்படுப்பின் முன் அவருடைய வயது முதிர்ந்த கெல்பி நாய் கண்ணை மட்டும் திறந்து புதிய நாயைப் பார்த்துவிட்டு மீண்டும் உறங்கிற்று. மேசையில் பாலாடைக்கட்டியும் உலர்ந்த முந்திரிகைப் பழமும் வைக்கப்பட்டன. ஆனால் பழம் இருந்த தட்டை நாய்க்கு எட்டாத உயரத்திற்கு அவர் உடனே தள்ளி வைத்தார். முந்திரிகை, புதியதாயினும் உலர்ந்ததாயினும், நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. நாயை இவ்வளவு உவந்து ஏற்கும் இடத்தின் விளைபொருளே நாய்க்கு நஞ்சு. இதற்குப் பழத்திலுள்ள தாட்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்ற விளக்கத்தை அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் 2021 ஆம் ஆண்டில் முன்வைத்தனர். புளியம்பழத்தை உண்ட நாய்களிடத்தும் இதே கேடு காணப்பட்டமை அவ்விளக்கத்துக்கு வலுவூட்டிற்று. எமது புளியின் புளிப்பும் அவர்களது முந்திரிகையின் புளிப்பும் ஒரே அமிலத்தின் பாற்பட்டவை. நீண்ட நாள் வைன் இருந்த மரப்பீப்பாவின் உட்புறத்திலே பளிங்கு போலப் படிவதும் அவ்வமிலத்தின் உப்பேயாகும்.

பெரியவர் வைன் அருந்தவில்லை. அவர் சைவர், அத்துடன் குடியை அறியாதவர். முந்திரிகை அவருக்குப் பழம் மட்டுமே. வலிகாமத்திலே அதனை வைன் ஆக்கியவர்கள் துறவிகளாவர். 1928 ஆம் ஆண்டில் தோமஸ் அடிகளார் தோலகட்டியிலே நிறுவிய செபமாலைத் தாசர் சபையினரின் ஆச்சிரமத்து வைனும் நெல்லி ரசமும் குடாநாட்டில் நன்கு அறியப்பட்டவை. தமிழருக்கும் முந்திரிகை மதுவுக்கும் உள்ள தொடர்பு அதற்கு மிக முற்பட்டது. யவனர் கலத்திற் கொணர்ந்த மதுவைப் பாண்டிய மன்னன் அருந்தியதைப் புறநானூற்றின் 56 ஆம் பாடலிலே நக்கீரர் குறிப்பிடுகின்றார். அரிக்கமேட்டு அகழ்வுகளிலே மத்தியதரைக் கடற்பகுதி மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்துள்ளன. மன்னன் மேசையில் அது பண்பாட்டின் அடையாளம். எமது பனையிலிருந்து இறங்கிய கள்ளும் அதே நொதித்தலினாற் பிறந்ததே. ஆனால் அதனை இறக்கியவரின் சாதியைக் காரணமாக்கி அத்தொழிலைத் தாழ்த்தினோம். அதனை அருந்தும் இடத்தைத் தவறணை என்று ஊர்க்கோடியில் ஒதுக்கினோம். யாரா பள்ளத்தாக்கிலே தாமே கொடி வெட்டிய கையால் வைன் ஊற்றிக் கொடுத்த பெண்மணியைக் கண்டபோது, உழைப்புக்கும் உபசாரத்துக்கும் இடையிலே வேலி இடாத ஒரு தொழில் எவ்வாறு இருக்கும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

சாளரத்துக்கு வெளியே கொடிகள் தெரிந்தன. பெரியவரின் கவனம் முழுவதும் அங்கேயே இருந்தது. அவை ஓர் இலைகூட இன்றிக் கறுத்து நின்றன. "முழுக்கப் பட்டுப்போச்சு" என்று மகளிடம் தாழ்ந்த குரலிற் கூறினார். பேத்தி அதனைக் கேட்டு மொழிபெயர்த்துவிட்டாள். பெண்மணி சிரிக்காமல் விளக்கம் கூறினார். குளிர்காலத்தில் கொடி உறங்குகின்றது. செப்ரெம்பரில் மொட்டு விடும். யாழ்ப்பாணத்து முந்திரிகைக்கு இந்த உறக்கம் இல்லை. வெப்ப மண்டலத்திலே கொடி தானாக ஓய்வதில்லை. அதனைக் கமக்காரனே ஓயச் செய்ய வேண்டும். நீரை நிறுத்தி, இலையைக் களைந்து, கவாத்துப் பண்ணி, பூவரசங் குழையும் சாணமும் தாட்டு, மீண்டும் நீர் பாய்ச்சினால், ஏறக்குறைய நான்கு மாதத்திற் குலை பழுக்கும். இவ்வாறு ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட போகம் எடுக்கலாம். ஓரிடத்திற் பருவம் செய்யும் வேலையை இன்னோரிடத்தில் கத்தரி செய்கின்றது.

மற்றொரு வேறுபாட்டையும் அவர் உடனே கண்டார். அங்கே கொடி பந்தலில் ஏறவில்லை. கட்டைகளுக்கிடையே இழுத்த கம்பிகளில் நிமிர்ந்து வேலி போல நின்றது. வெயில் குறைந்த நாட்டிலே ஒவ்வோர் இலைக்கும் ஒளி தேவை. ஆதலால் கொடியை வேலியாக்கினார்கள். வெயில் மிகுந்த நாட்டிலே குலைக்கும் மண்ணுக்கும் நிழல் தேவை. ஆதலால் நாம் அதனைப் பந்தலாக்கினோம். பந்தலின் கீழே கமக்காரன் இருப்பான், குழந்தைகள் விளையாடும், நாய் படுக்கும்.

அவருடைய பந்தல் 1970களிலே தோன்றியது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலிலே மிளகாயும் வெங்காயமும் வடபகுதிக் கமக்காரனை நிமிர வைத்த காலம் அது. மிளகாயில் வந்த பணத்தைக் கொண்டு சீமெந்துத் தூண் நாட்டிக் கம்பி இழுத்தார். 1977க்குப் பின் சந்தை திறக்கப்பட்டபோது விலைகள் வீழ்ந்தன, பந்தல் எஞ்சியது. 1990 இன் பின்னர் எரிபொருட்டடை வந்தது. மண்ணெண்ணெய் இன்றி இயந்திரம் ஓடவில்லை. துலாவால் இறைக்கக்கூடிய அளவுக்குத் தோட்டம் சுருங்கிற்று. 1995 இல் கிணற்றடியில் ஒரேயொரு பந்தலே மிஞ்சியிருந்தது. அதன் கீழே ஈர மண்ணைப் பறித்துக் குழியாக்கி, அக்குழியிற் பகல் முழுவதும் படுத்திருக்கும் வீரன் என்றொரு நாயும் இருந்தது. உதிர்ந்த பழங்களை அது முகர்ந்துவிட்டு விலகிப் போய்விடும் என்பது அவருடைய நினைவு.

தோட்டத்தின் சில வரிசைகளிலே சிவப்பு நாடா கட்டப்பட்டிருந்தது. காரணம் கேட்டபோது பெண்மணியின் குரல் மாறிற்று. பைலொக்சரா என்பது கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் அளவு சிறிய ஒரு வேர்ப்பூச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அமெரிக்கக் கொடிகளுடன் ஐரோப்பாவுக்குப் பயணம் செய்து அங்கிருந்த முந்திரிகைத் தோட்டங்களை அழித்தது. 1877 ஆம் ஆண்டிலே விக்டோரியாவின் கீலோங் பகுதியிற் காணப்பட்டது. யாரா பள்ளத்தாக்கு நெடுங்காலம் தப்பியிருந்து 2006 ஆம் ஆண்டிலே அகப்பட்டது. இதற்கு மருந்து இல்லை. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரிலே ஐரோப்பியக் கொடியை ஒட்டி நடுவதே வழி. தந்தையார் சொந்த வேரில் நட்ட கொடிகளை ஆண்டுக்குச் சில வரிசைகளாகப் பிடுங்கி ஒட்டுக் கொடிகளை நட்டு வருகிறார்கள். சப்பாத்தின் அடியில் ஒட்டும் மண்ணிலும் பூச்சி செல்லும். ஆகையால் விருந்தினர் வரிசைகளுக்குள் நடக்கலாகாது. நாய்க்கும் அதே சட்டம். நல்வரவு கூறிய பலகைக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

சுவரில் வேறொரு சிறிய பலகையும் இருந்தது. அந்நிலத்தின் மூத்த குடிகளாகிய வுருண்ட்ஜெரி மக்களுக்கு மரியாதை தெரிவிக்கும் பலகை அது. பேத்தி அதனையும் வாசித்தாள். "இவையள் இப்ப எங்கை இருக்கினம்?" என்று பெரியவர் கேட்டார். பாடசாலையிற் படித்ததைப் பேத்தி சொன்னாள். 1863 ஆம் ஆண்டிலே, ஹீல்ஸ்வில் என்ற ஊருக்கு அருகே, கொரண்டர்க் என்ற இடத்தில் அம்மக்களுக்கு ஒரு குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. அவர்கள் அந்நிலத்தைத் திருத்திப் பயிர் செய்தனர்; அவர்கள் விளைவித்த ஹொப் பூ மெல்பேண் சந்தையில் உயர்ந்த விலை பெற்றது. நிலம் செழித்ததும் அயலிலிருந்த குடியேறிகள் அதன்மேற் கண் வைத்தனர். வில்லியம் பராக் என்ற தலைவரும் அவருடைய மக்களும் மனு எழுதினர். அதனை எடுத்துக்கொண்டு மெல்பேண் வரை நடந்தனர். 1881 இல் விசாரணை நடந்தது. 1886 இன் சட்டம் கலப்பினத்தவர் எனக் கருதப்பட்ட இளவயதினரை அங்கிருந்து வெளியேற்றிக் குடும்பங்களைப் பிரித்தது. 1924 இல் குடியிருப்பே மூடப்பட்டது. பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "நல்லாச் செய்து காட்டினதுதான் பிழையாப் போச்சு" என்றார். வரலாற்று நூல்கள் பல பக்கங்களிற் கூறுவதை அவர் ஒரு வரியிற் கூறினார். வெளியேற்றப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள் வெளியேற்றப்பட்ட இன்னொரு சமூகத்தின் நிலத்திற் புகலிடம் பெற்றிருக்கின்றனர் என்பது புலம்பெயர் வாழ்வின் கணக்கிலே இன்னும் முறையாக எழுதப்படாத ஒரு பற்று.

பேச்சு வெளியேற்றத்தைப் பற்றியதாகவே தொடர்ந்தது. 2009 பெப்ரவரி 7 ஆம் திகதி, மெல்பேணின் வெப்பநிலை 46.4 பாகை செல்சியஸ் ஆக உயர்ந்த அந்தச் சனிக்கிழமை, விக்டோரியாவின் காடுகள் தீப்பற்றின. நூற்று எழுபத்து மூவர் உயிரிழந்தனர். யாரா பள்ளத்தாக்கின் வடபுறமும் எரிந்தது. அறுவடைக்கு அண்மித்த பழங்களிலே புகையின் மணம் ஏறிற்று. அவ்வாண்டுப் பழத்தைப் பலர் வைனாக்கவில்லை. பெண்மணி அன்றைய நாளை விவரித்தார். மலை முகட்டிலே தீயைக் கண்டதும் குடும்பம் புறப்பட்டது. கணக்குப் புத்தகம் மறந்துபோயிற்று. தாயாரின் நகை மறந்துபோயிற்று. "ஆனால் நாய்களைத்தான் முதலில் வண்டியில் ஏற்றினோம்" என்றார். காற்றுத் திசை மாறியதால் தோட்டம் தப்பியது.

பேத்தி அதனை மொழிபெயர்த்து முடித்ததும் பெரியவர் வீரனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் மகள்கூட அதுவரை முழுமையாகக் கேட்டிராத கதை அது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி மாலை வலிகாமம் முழுவதையும் விட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில், மழையில், செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் போயினர். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு துவிச்சக்கர வண்டியில் மூட்டைகளைக் கட்டி முன்னே உருட்டிச் சென்றனர். அவர் மற்றதிலே நடக்க இயலாத தாயாரை இருத்திப் பின்னே உருட்டிச் சென்றார். புறப்படுமுன் நாயின் சங்கிலியைக் கழற்றினார். பானையிலிருந்த சோறு முழுவதையும் கிணற்றடியிற் கொட்டினார். நாய் சோற்றைத் தொடவில்லை. வேலிப் பொட்டினால் வெளியே வந்து வண்டிக்குப் பின்னே நடந்தது. ஒழுங்கை முடக்கிலே அவர் நின்று அதட்டினார். அது நின்றது, அவர் நடக்க, அதுவும் நடந்தது. பெருந்தெருவிலே சனம் கால் வைக்க இடமின்றி நெரிந்துகொண்டிருந்தது. வீட்டிலே நின்றால் கிணறும் சோறும் உண்டு. தெருவிலே வந்தால் மிதிபட்டுச் சாகும் என்று அவர் எண்ணினார். குனிந்து மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்து அதன்மேல் எறிந்தார். முதலாவது படவில்லை. இரண்டாவது பட்டது. நாய் குரைக்காமல் திரும்பிப் போயிற்று.

பேத்தி மொழிபெயர்க்கும்போது, 'நாயை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்' என்ற பொருள்பட ஆங்கிலத்திற் கூறினாள். பெரியவருக்கு ஆங்கிலம் பேச வராது. ஆயினும் சொல் எவ்வளவு நீளமென்று செவிக்குத் தெரியும். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"இல்லைப் பிள்ளை. எறிஞ்சனான் எண்டு சொல்லு."

பேத்தி தாயைப் பார்த்தாள். தாய் தந்தையைப் பார்த்தாள். அன்று மூட்டையுடன் முன்னே சென்றவள் அவள். வீரன் வழியில் எங்கோ தவறிப் போயிற்று என்றே இருபத்து நான்கு ஆண்டுகள் நம்பியிருந்தவள். தனது வீட்டு நாயைத் தந்தை தொடாதிருந்ததையும் பெயர் சொல்லி அழையாதிருந்ததையும் ஆசாரம் என்று எண்ணி மனத்துக்குள் குறைபட்டுக்கொண்டவளும் அவளே. "அம்மப்பா சொன்னபடியே சொல்லு" என்று மகளிடம் கூறினாள். பேத்தி சொன்னாள்.

மகாபாரதத்தின் முடிவிலே தருமர் தம்மைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு இந்திரனின் தேரில் ஏற மறுக்கின்றார். புராணபடனம் கேட்டு வளர்ந்த பெரியவருக்கு அக்கதை தெரியாததன்று. தெரிந்திருந்தமையே அவரை வருத்தியது எனலாம். ஆனால் ஒன்றை நோக்குதல் வேண்டும். தருமர் அவ்வாறு நிற்கும்போது அவருடன் வந்தவர் அனைவரும் ஏற்கெனவே வழியில் வீழ்ந்துவிட்டனர். அவருடைய கையில் வேறெவருடைய உயிரும் இருக்கவில்லை. துவிச்சக்கர வண்டியின் கைபிடியை விட்டால் தாய் சேற்றில் விழுவாள் என்ற நிலையில் தருமர் சோதிக்கப்படவில்லை. இதிகாசம் தனி மனிதனின் அறத்தைச் சோதித்தது; எமது காலம் பாரம் சுமந்தவனின் அறத்தைச் சோதித்தது. முன்னதன் அளவுகோலால் பின்னதை அளப்பது நீதியாகாது. ஆயினும் அளக்கப்படுவதை அவர் விரும்பினார். 'அனுப்பினேன்' என்ற சொல்லினுள் ஒளிந்துகொள்ள அவர் சம்மதிக்கவில்லை. துயரத்தைப் பேசும்போது செயலை மெலிதாக்கும் சொற்கள் எமக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தள்ளிவிட்டுச் செயலுக்குரிய சொல்லையே கேட்ட ஒரு கமக்காரனின் மொழியுணர்வு இலக்கியம் பயில்வோர் சிந்திக்கத்தக்கது.

பெண்மணி ஆறுதல் ஏதும் கூறவில்லை. சற்று நேரத்தின் பின் எழுந்து, ஒரு சோடி இறப்பர்ச் சப்பாத்தைக் கொண்டு வந்து பெரியவரின் முன் வைத்தார். கிருமிநாசினித் தொட்டியிலே அதன் அடியைத் தோய்த்து, நாடா கட்டாத ஒரு வரிசைக்குள் அவரை அழைத்துச் சென்று, கவாத்துக் கத்தரியைக் கையிற் கொடுத்தார். அவர் கொடியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முன்னைய ஆண்டின் தண்டைத் தடவி, கண்களை எண்ணி, நான்காவது கண்ணுக்கு மேலே சாய்வாக வெட்டினார். பெண்மணி இரண்டு விரலைக் காட்டினார். இங்கே இரண்டு கண் போதும். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை இரண்டாக வெட்டினார். மூன்றாவதிலிருந்து எவரும் எதுவும் காட்டவில்லை. குளிரில் மகளும் பேத்தியும் வேலிக்கப்பால் நிற்க, இருவருமாக அவ்வரிசையின் பாதியை வெட்டி முடித்தனர். மொழிபெயர்ப்பு அங்கே வேண்டியிருக்கவில்லை.

வெட்டிய தண்டுகளுள் ஒன்றை ஊருக்கு எடுத்துச் செல்லலாமா என்று அவர் கேட்டார். இயலாது என்று பெண்மணி வருத்தத்துடன் கூறினார். பயிர்த்தடைகாப்புச் சட்டங்கள் அதனை அனுமதியா. தோட்டக்காரனுக்கு இச்சட்டத்தின் நியாயம் விளங்காதிருக்குமா? தண்டோடு போவது கொடி மட்டுமன்று. அவர் தண்டை மற்றவற்றோடு போட்டுவிட்டார். திரும்புங்காலிலே காரின் பின்னாசனத்தில் நாய் அவருடைய முழங்கால்மேல் தலையை வைத்தது. அவர் அதனைத் தடவவும் இல்லை, தள்ளவும் இல்லை. யாரா கிளெனிலிருந்து வீடு வரை காலை அசைக்காமல் இருந்தார் என்று பேத்தி பின்னர் கூறினாள்.

1996 மே மாதத்திலே தென்மராட்சியிலிருந்து ஊர் திரும்பியபோது அவர் கண்டவற்றையும் இவ்விடத்திற் கூறுதல் வேண்டும். கூரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பந்தற் கம்பிகள் அறுந்து கிடந்தன. மாரிக்குப் பின்னர் நீர் காணாத கொடிகள் கறுத்து நின்றன. அவற்றின் கீழே வீரன் பறித்த குழி சருகு நிறைந்து கிடந்தது, நாய் இல்லை. கொடிகளை அடியோடு வெட்டியபோது ஒன்றின் உள்ளே மாத்திரம் பச்சை தெரிந்தது. அதற்கு நீர் ஊற்றினார், அது துளிர்த்தது. கொடியைப் பேணினார். நாய் வளர்க்கவில்லை.

அவுஸ்திரேலியாவிலிருந்து அவர் திரும்பிய மறு ஆண்டிலே, மகள் அனுப்பிய பணத்தில் வளவைச் சுற்றி மதில் எழுந்தது. போருக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தின் கிடுகு வேலிகளும் கிளுவை வேலிகளும் வெளிநாட்டுப் பணத்தால் மதில்களாகிவிட்டன. வேலி மூச்சு விடும். அதிலே பொட்டு உண்டு. அயல் வீட்டுக் கோழியும் குழந்தையும் அதனூடே வந்து போகும். மதிலுக்கு அது இல்லை. அவர் மேசனிடம் கிணற்றடிப் பக்கமாக, நிலத்தோடு ஒட்டி, ஒரு சாண் உயரமும் ஒன்றரைச் சாண் அகலமும் கொண்ட ஓர் இடைவெளியை விடச் சொன்னார். வெள்ளம் ஓடவா என்று மேசன் கேட்டார். ஓம் என்றார் பெரியவர்.

அடுத்த மாரியில் அவ்விடைவெளியால் நீர் ஓடிற்று. பங்குனியில், ஒழுங்கையில் அலைந்த கபில நிறக் குட்டியொன்று அதன் வழியே உள்ளே வந்தது. கிணற்றடியிலே அப்பழைய கொடியிலிருந்து பதியமிட்ட புதிய கொடி அப்பொழுது தூணின் பாதி உயரத்தையே எட்டியிருந்தது. பந்தலில் நிழல் விழ இன்னும் ஓராண்டாவது செல்லும். குட்டி அதுவரை பொறுக்கவில்லை. கொடியின் அடியிலே ஈர மண்ணைப் பறித்துத் தனக்கென ஒரு குழியை ஆயத்தம் செய்துகொண்டது.